காணாமல் போன ஹனோராவின் குரல்

அயர்லாந்துக்காரர்களின் புனித பாட்ரிக் நாள் ஊர்வலம் முடிந்து, கடைசிப் பைக்குழல் சத்தமும் தெருமுனை திரும்பி ஓய்ந்து வெகு நேரமாகியிருந்தது. டெக்லன் டான்சியின் சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு ரோஸ்மேரி பென்ஹேல் உள்ளே வந்தாள். மேல்கோட்டு இல்லை. தலைமுடியில் ஒட்டியிருந்த பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ரோஸ்மேரி, புனித பாட்ரிக் நாள் அன்னைக்கு ஒரு பச்சை ரிப்பன் கூட இல்லாம வந்திருக்க? இங்கிலாந்துக் கார்ன்வால்காரங்க கொழுப்பு இன்னும் குறையலையா?" என்று டெக்லன் கத்திரியை ஆட்டிச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "உன் அண்ணி எங்கே?"

ஜன்னலோர நாற்காலியில் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஃபிலோமினா டான்சி திரும்பினாள். டெக்லனின் காலமான அண்ணனுடைய மனைவி அவள். பியூட் என்ற இந்தச் சுரங்க நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்காகத் தீ விபத்துகளை விசாரிப்பதே பல ஆண்டுகளாக அவள் வேலை. எந்தத் தீ தானாகப் பிடித்தது, எந்தத் தீயை வீட்டுக்காரனே வைத்தான் என்பதைச் சாம்பலைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். சுரங்கங்கள் மூடியபோது அந்த அலுவலகமும் மூடிக்கொண்டது. அன்று முதல் பிற்பகல்களை மைத்துனன் சலூனில் கழிக்கிறாள். ஊரில் எது தொலைந்தாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

"ஹனோரா தட்டு போச்சு, ஃபிலோமினா," என்றாள் ரோஸ்மேரி.

டெக்லனின் கத்திரி நின்றது. அந்தத் தட்டைப் பற்றித் தெரியாதவர் ஊரில் இல்லை. ரோஸ்மேரி பொறுப்பில் இருக்கும் அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் மதுவிலக்குக் காலத்து ரகசிய மதுக்கூடம் ஒன்று அப்படியே இருந்தது. ஊரார் அதைப் 'பாதாளம்' என்பார்கள். போன இலையுதிர் காலத்தில் அதன் சுவர்ப்பூச்சு உதிர்ந்தபோது உள்ளிருந்து ஓர் அலுமினிய இசைத்தட்டு கிடைத்தது. அதன் நடுவில் ஆணியால் 'ஹனோரா, பாட்ரிக் நாள், 1931' என்று கீறியிருந்தது. அங்கே பாடிய பெண் அவள். மறு வருடமே ரயிலேறிப் போனவள், பிறகு என்ன ஆனாளென்று யாருக்கும் தெரியாது. கிடைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அதை யாரும் ஒலிக்கவிட்டதில்லை. இன்று மாலைக் கொண்டாட்டத்தில், ஊர் கூடியிருக்கும்போது, முதல் முறையாக ஒலிக்க இருந்தது.

"காலைல நானே பார்த்தேன், கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஊர்வலம் முடிஞ்சு இப்ப வந்து உறையைத் திறந்தா, உள்ள ஏதோ நடனக் குழுவோட கறுப்புத் தட்டு. பெட்டிப் பூட்டு உடையல. சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னாடி தொங்குது, அங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "அறங்காவலர் ஸ்ட்ரவுட் போலீசைக் கூப்பிடச் சொல்றாரு. பாரைக் கவனிக்கிற லோர்கன்தான் எடுத்தான்னு சாதிக்கிறாரு. அந்தப் பையன் அடுத்த வாரம் நெவாடா சுரங்கத்துல வேலைக்குச் சேரணும். போலீஸ்ல பேர் வந்துச்சுன்னா அந்த வேலை போயிடும்."

ஃபிலோமினா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். "டெக்லன், கடையைச் சாத்து."

"பாதி முடி வெட்டியிருக்கேன் அண்ணி!"

நாற்காலியிலிருந்தவர் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "போய்ட்டு வாப்பா. இன்னைக்குத் தொப்பி போட்டுக்கலாம்."

*

சுரங்கக் கோபுரங்களின் மீது காற்று ஊளையிட்டது. அருங்காட்சியகத்தின் பக்கவாட்டுப் படிகளில் மூவரும் இறங்கினார்கள். அடியில் ஒரு தடித்த மரக்கதவு; அதில் கண் உயரத்தில் ஒரு சிறு பலகணி. பலகணிக்குப் பின்னால் இரண்டு நரைத்த புருவங்கள் தெரிந்தன.

"யாரது? சங்கேதச் சொல் என்ன?"

"மலாக்கி அண்ணன்," என்று ரோஸ்மேரி கிசுகிசுத்தாள். "ஊர்வலத்துலேர்ந்து வந்ததும் இப்படித்தான். சொல்லு 'வெள்ளைக் குதிரை'. சொன்னாத்தான் விடுவாரு."

மலாக்கி ஹீஃபி இளவயதில் இதே கதவில் காவல் நின்றவர். போலீஸ் வந்தால் உள்ளே எச்சரிப்பது அவர் வேலை. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் சுரங்கத்தில் பாறை துளைத்தார். இப்போது கொண்டாட்ட நாட்களில் பழைய தொப்பியோடு மறுபடியும் கதவுக்கு வந்துவிடுகிறார்.

டெக்லனுக்குக் குறும்பு. மூக்குவரை கழுத்துத் துணியைச் சுற்றியிருந்தபடியே, "அவிச்ச முட்டைக்கோஸ்!" என்றான்.

"ரொம்பச் சரி. உள்ள வாங்க," என்று மலாக்கி கதவைத் திறந்தார்.

டெக்லன் விழுந்து விழுந்து சிரித்தான். "இந்தக் காவலை நம்பித்தான் அந்தக் காலத்துல குடிச்சாங்களா?"

மலாக்கியும் அவனைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார். ஃபிலோமினா அவரை ஒரு கணம் பார்த்தாள். தன் கழுத்துத் துணியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, அவருக்கு நேர் எதிரே நின்று, "ஊர்வலத்துல கொடி பிடிச்சீங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

"பின்ன? முதல் அடியிலேர்ந்து கடைசி வரைக்கும் நான்தான். கை மரத்துப்போச்சு. முடிஞ்சதும் பயலுக வீட்டுக்கே போக விடல. கடை கடையா இழுத்துட்டுப் போயி, நேரா இங்க கொண்டு வந்து விட்டானுக."

"தட்டு காணோம்னு சொன்னாங்க."

அவர் முகம் வாடியது. தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினார். "நான் கதவுக்கு வெளியே. அவ உள்ளே. பாட்டு மட்டும் மரத்தைத் தாண்டி வரும். சர்ச்சுல நிக்கிற மாதிரி நின்னு பாடுவான்னு சொல்லுவாங்க. ஹனோரா சிரிச்சு நான் கேட்டதே இல்ல. ஊர்ல யாரும் கேட்டதில்ல. அவளுக்கு நான் ஒருத்தன் இருக்கேன்னே தெரியாது, ஃபிலோமினா. இருந்தாலும் அந்தக் குரல்..." கையை நெஞ்சின் மேல் வைத்தார்.

உள்ளே தாழ்ந்த கூரை, பித்தளை விளக்குகள், நீண்ட மேசைப்பலகை. ஒரு மூலையில் கிராமபோன் தயாராக நின்றது. கண்ணாடிப் பெட்டியருகே பழம்பொருள் வியாபாரி ஆஸ்கர் ஸ்ட்ரவுட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவர். தட்டை இன்று ஒலிக்கவிட்டு, நாளை சியாட்டிலில் ஒரு சேகரிப்பாளருக்கு விற்பது அவர் ஏற்பாடு. ஒழுகும் கூரைக்கு அதுதான் வழி.

"இது சாதாரணத் தட்டு இல்ல மேடம். மெத்துன்னு இருக்கிற அலுமினியம். இரும்பு ஊசியை வெச்சா பாட்டையே உழுதுடும். செடி முள்ளுல செஞ்ச ஊசிதான் வைக்கணும். அப்பவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். அதனாலதான் ஒரே ஒரு தடவைன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் இங்க உட்காரவெச்சு விளக்கினேன்."

"எல்லாரும்னா?"

"ரோஸ்மேரி, லோர்கன், மலாக்கி, அவர் சம்சாரம். என்கிட்ட கடையில இது மாதிரி பாட்டு பதியாத வெள்ளி நிறத் தட்டுகள் ஒரு அடுக்கே இருக்கு, முள் ஊசி ஒரு ஜாடி நிறைய இருக்கு. எனக்குத் தெரியாத விஷயமா?"

ஃபிலோமினா பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். உறை மாசு மருவில்லாத வெள்ளைக் காகிதம். பக்கத்தில் இரும்பு ஊசிகள் இருந்த ஒரு தகர டப்பா. அதற்கு அருகே வெல்வெட் துணியில் அதே அளவுக்கு ஒரு பள்ளம்.

"இங்க இன்னொரு டப்பா இருந்துச்சா?"

ரோஸ்மேரி எட்டிப் பார்த்தாள். "முள் ஊசி டப்பா! அதையும் காணோம். நான் கவனிக்கவே இல்ல."

மேசைப்பலகைக்குப் பின்னாலிருந்து லோர்கன் டக்கன் நிமிர்ந்தான். முப்பது வயது இருக்கும். முழங்கை வரை கைகள் புல்லைப் போலப் பச்சை.

"காலைலேர்ந்து பீப்பாய் பீப்பாயா பீருக்குப் பண்டிகைப் பச்சைச் சாயம் கலக்குறேன் அக்கா. சோப்பு போட்டாச்சு, மண்ணெண்ணெய் போட்டாச்சு, போக மாட்டேங்குது. நெவாடால போயி இந்தக் கையோட நின்னா, அயர்லாந்துக்காரன்னு தனியா சொல்லவே வேணாம்." சிரிக்க முயன்றான், முடியவில்லை. "நான் எதுக்கு அதை எடுக்கணும்? போறதுக்கே மனசில்லாமப் போறேன். இங்க சுரங்கத்துத் தண்ணியை இறைக்கிற பம்ப்பை நிறுத்திட்டாங்க. எங்கப்பா வெட்டின இடமெல்லாம் தண்ணிக்குள்ள போயிட்டிருக்கு. போறதுக்கு முன்னாடி எல்லார் வீட்லயும் ஏதாவது ஒரு வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் போலாம்னு பாக்கிறேன். பாதிரியார் வீட்டு அடுப்பு, போன வாரம் மலாக்கி அண்ணன் வீட்டு கிராமபோனுக்கு ஸ்பிரிங், ரோஸ்மேரி கார் பிரேக். இந்த ஊரைத் திருடிட்டுப் போகணும்னா, கார் ஓட்டிக்கிட்டே திரும்பித் திரும்பிப் பார்த்துக் கண்ணாலதான் திருடணும்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்றார் ஸ்ட்ரவுட்.

சமையலறையில் ஆவி மண்டியிருந்தது. உப்பிட்ட மாட்டிறைச்சி கொதிக்க, மலாக்கியின் மனைவி வினிஃப்ரெட் முட்டைக்கோசை இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டிருந்தாள். அயர்லாந்தில் ஐரிஷ் மொழி புழங்கும் பேரா கரையிலிருந்து, ஹனோரா ஊரைவிட்டுப் போன பிறகு, கப்பலேறி வந்தவள். குரல் ஆண்பிள்ளைக் குரல். கரகரவென்று அடித்தொண்டையிலிருந்து வரும்.

"வின்னி அக்கா, ஊர்வலம் நடக்கும்போது இங்கதான் இருந்தீங்களா?"

"அடுப்பை விட்டுட்டு எங்க போறது? யாரும் வரவும் இல்ல, நான் பார்க்கவும் இல்ல." கத்தி நிற்காமல் இறங்கியது. "போனது போகட்டும் விடு. வருஷா வருஷம் இதே நாள், இதே கதை. ஹனோரா இப்படிப் பாடினா, அப்படிப் பாடினான்னு என் எதிர்லயே சொல்லுவாரு, ஊரே வாயைப் பொளந்து கேக்கும். பாட்டுக்கு நடுவுல நிறுத்திச் சிரிக்கிறவ குரலுக்கு இவ்வளவு மயக்கமா? நான் சர்ச்சுல ஒரு வரி பாடினா, பாதிரியார் ஜன்னலைச் சாத்தச் சொல்றாரு."

டெக்லன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தான். "இவ்வளவு வருஷம் கழிச்சும் பொறாமை பாருங்க அண்ணி! ஆனா எனக்குப் பிடிபட்டுடுச்சு. ஸ்ட்ரவுட்தான். தானே ஒளிச்சு வெச்சுட்டு, நாளைக்கு ரகசியமா வித்துக் காசு பண்ணப் போறாரு. பழியை லோர்கன் மேல போட்டாச்சு. எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஃபிலோமினா. "ஆனா இந்தத் தட்டை எடுத்தவங்களுக்குக் காசு வேணாம், டெக்லன். எல்லாரையும் கூப்பிடு. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடலாம்."

*

மேசைப்பலகையைச் சுற்றி ஸ்ட்ரவுட், ரோஸ்மேரி, லோர்கன், வினிஃப்ரெட் நின்றார்கள். மலாக்கியை மட்டும் அறையின் கணப்படுப்பருகே இருந்த நாற்காலியில் ஃபிலோமினாவே கைபிடித்து உட்காரவைத்தாள். பிறகு வந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, மலாக்கி அண்ணனுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறீங்க."

"தெரியும். நீயும் கொஞ்சம் நகர்ந்து எனக்குப் பக்கத்துல வந்து நில்லு." அவள் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தாள். "முதல் கேள்வி. எடுத்தவங்க உறைக்குள்ள எதுக்கு வேற தட்டு வெச்சாங்க? சாயங்காலம் ஊசியை வெச்ச உடனே குட்டு வெளிப்பட்டுடும். ஓடிப்போற திருடனுக்கு அதனால ஒரு லாபமும் இல்ல. கொஞ்ச நேரம் யாரும் கவனிக்காம இருந்தாப் போதும், அதுக்குள்ள திருப்பி வெச்சிடலாம்னு நினைச்சவங்கதான் அப்படிச் செய்வாங்க. இது திருட்டு இல்ல. இரவல்."

ரோஸ்மேரி வாய் திறந்தாள். ஃபிலோமினா கையால் அமர்த்தினாள்.

"அடுத்தது முள் ஊசி. விக்கிறவனுக்கோ உடைக்கிறவனுக்கோ அந்த டப்பா எதுக்கு? தட்டைக் கெடுக்காமக் கேக்கணும்னு நினைச்சவங்களுக்குத்தான் அது வேணும். டெக்லன் உங்களைச் சொன்னான், மிஸ்டர் ஸ்ட்ரவுட்."

"என்னையா!"

"உங்ககிட்ட முள் ஊசி ஜாடி நிறைய இருக்கு. இங்கேர்ந்து எடுக்க வேண்டிய அவசியமே இல்ல. மாத்தி வைக்கணும்னாலும் உங்க கடையில இருக்கிற வெள்ளித் தட்டைத்தான் வெச்சிருப்பீங்க. யாராவது உறைக்குள்ள எட்டிப் பார்த்தாக் கூடத் தெரியாது. கறுப்புத் தட்டை வெச்சது, கைக்குக் கிடைச்சதை வெச்சவங்க." அவள் லோர்கன் பக்கம் திரும்பினாள். "உன் கையைக் காட்டு."

லோர்கன் பச்சைக் கைகளை நீட்டினான்.

"மண்ணெண்ணெய்க்கே போகாத சாயம். உறையோ புதுசா வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒரு விரல் தடம் இல்ல. இவன் தொடல."

லோர்கன் கைகளை மெதுவாக மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஸ்ட்ரவுட் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா மலாக்கிதான். அவரை விட்டா அந்தக் குரலுக்கு ஏங்குறவங்க யாரு?"

"அவர் ஊர் பார்க்கக் கொடி பிடிச்சுட்டு நடந்தாரு. அப்புறம் வீட்டுக்கே போகல." ஃபிலோமினாவின் குரல் இன்னும் தணிந்தது. "அது மட்டும் இல்ல. டெக்லன், நீ கதவுல சொன்ன தப்பு வார்த்தை ஞாபகம் இருக்கா? அவர் விளையாட்டுக்கு விட்டாருன்னு நினைச்சே. உன் வாயைத் துணி மூடியிருந்துச்சு. அவரால உதட்டைப் படிக்க முடியல. நான் துணியை இறக்கிட்டு நேர்ல நின்னு கேட்டப்போ ஒவ்வொண்ணுக்கும் சரியாப் பதில் சொன்னாரு. இப்ப நாம எல்லாரும் அவரைப் பத்தித்தான் பேசுறோம். திரும்பிப் பாருங்க."

பார்த்தார்கள். மலாக்கி அடுப்பின் கனலைப் பார்த்தபடி, தொப்பியின் விளிம்பில் இருந்த நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். டெக்லனின் முகத்திலிருந்து குறும்பெல்லாம் வடிந்துபோயிற்று.

"அந்தக் குரலை அவருக்குக் கேக்கவெக்கணும்னு ஒருத்தர் ஏங்கியிருக்காங்க. இந்தக் கூட்டத்துல, இந்தச் சத்தத்துல, ஒரே ஒரு தடவை ஒலிச்சா அவர் காதுக்கு எட்டாதுன்னு தெரிஞ்சவங்க. போன வாரமே வீட்டு கிராமபோனுக்கு ஸ்பிரிங் மாத்தவெச்சவங்க." அவள் வினிஃப்ரெட்டைப் பார்த்தாள். "வின்னி அக்கா, ஹனோரா சிரிச்சு ஊர்ல யாரும் கேட்டதில்லன்னு உங்க வீட்டுக்காரரே சொல்றாரு. நீங்க வரும்போது அவ இந்த ஊர்லயே இல்ல. அவ பாட்டுக்கு நடுவுல நிறுத்திச் சிரிப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வினிஃப்ரெட் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"ரொட்டிக் கூடைல, துணிக்கு அடியில இருக்கு," என்றாள். "திருப்பி வைக்கத்தான் கொண்டாந்தேன். அதுக்குள்ள நீங்க பெட்டியைத் திறந்துட்டீங்க."

"எங்ககிட்ட கேட்டிருக்கலாமே அக்கா!" என்றாள் ரோஸ்மேரி.

"எப்படிக் கேக்கறது? அவருக்குக் காது போயிடுச்சுன்னு சொல்லணுமே. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. சொன்னா இந்தக் கதவும் போயிடும்னு பயம். முதல்ல பறவைச் சத்தம் போச்சு, அப்புறம் பேரப்பிள்ளைங்க பேச்சு போச்சு. மெல்லிசா மேல போற குரல் எதுவுமே இப்பக் கேக்கறதில்ல." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தத் தட்டு கிடைச்சதிலேர்ந்து இந்த மனுஷன் தூங்கல. விடிஞ்சா எழுந்து உட்கார்ந்து, இந்த நாளுக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு. கூட்டத்துல எல்லாரும் கேட்டு அழுவாங்க, இவர் மட்டும் கேட்ட மாதிரி நடிப்பாரு. அதை என்னால பார்க்க முடியாது. ஊர்வலம் முடிஞ்சதும் வீட்டுக்கு வருவாரு, காதை வெச்சு ஒரு தடவை கேக்கட்டும்னு எடுத்துட்டுப் போனேன். சரியா ஓடுதான்னு நான் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அவர் வரவே இல்ல."

"இன்னொரு பொம்பளை குரலை..." என்று டெக்லன் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"அவருக்கு அதானே வேணும்," என்றாள் வினிஃப்ரெட்.

லோர்கன் கூடையிலிருந்து தட்டை எடுத்து வந்து மேசைப்பலகையில் வைத்தான். வெளியே படிகளில் கூட்டம் கூடத் தொடங்கிவிட்டது. கால்களைத் தட்டும் ஓசை கேட்டது. ஸ்ட்ரவுட் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு லோர்கனைப் பார்த்து, "நான் பேசினது தப்பு," என்றார். அவன் தலையசைத்தான்.

"கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போடலாம்," என்றாள் ரோஸ்மேரி.

"ரோஸ்மேரி, தேய்மானம்..."

"தேயட்டும்."

அவள் போய் மலாக்கியின் முன் குனிந்து நின்றாள். "தட்டு கிடைச்சிடுச்சு அண்ணே. முதல்ல நீங்க கேக்கணும்னு எல்லாரும் ஆசைப்படறோம்."

கிழவர் எழுந்தார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிராமபோனின் புனலருகே காதைக் கொண்டுபோனார். லோர்கன் சாவியைத் திருகினான். ஸ்ட்ரவுட் முள் ஊசியைப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். புனலிலிருந்து வெறும் இரைச்சல் வந்தது, மணல் மேல் மழை பெய்வதுபோல.

"அதே குரல்," என்றார் மலாக்கி. கண்கள் கலங்கியிருந்தன. "அதேதான். கொஞ்சம்கூட மாறல."

பாட்டு இன்னும் தொடங்கவில்லை. யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு அது வந்தது. மெல்லிய, உயரமான, நடுங்காத குரல். ஐரிஷ் மொழியில் ஏதோ ஒரு பாட்டு. டெக்லனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் அண்ணன் இருந்த நாட்கள் ஏனோ நினைவுக்கு வந்தன. ஃபிலோமினா அவன் தோளைத் தொட்டாள். மலாக்கி புனலை விட்டு முகத்தை எடுக்காமல், மற்றவர்கள் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் முகம் நெகிழ்ந்தபோது தன் முகத்தையும் நெகிழ்த்திக்கொண்டு, தாளம் தப்பித் தலையை ஆட்டினார்.

பாட்டின் நடுவே மரக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து அல்ல, தட்டிலிருந்து. குரல் நின்றது. ஒரு சிரிப்பு, சின்னப் பெண்ணின் சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக ஹனோரா ஐரிஷில் ஏதோ வேகமாகச் சொன்னாள். யாரோ 'உஷ்' என்றார்கள். பாட்டு தொடர்ந்து, முடிந்தது. ஊசி வெற்று வட்டத்தில் சுற்றியது.

"என்ன சொன்னா அவ?" என்று ரோஸ்மேரி கேட்டாள். "யாருக்காவது புரிஞ்சுதா?"

ஒருவருக்கும் புரியவில்லை. பியூட்டில் பிறந்தவர்களிடம் அந்த மொழி தங்கவில்லை. எல்லாரும் வினிஃப்ரெட்டைப் பார்த்தார்கள். அவள் அதை முன்பே கேட்டிருந்தாள், தனியாக, தன் வீட்டுக் கூடத்தில். அவள் சொல்லாவிட்டால் அது என்னவென்று யாருக்கும் தெரியப் போவதில்லை. ஃபிலோமினா அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

வினிஃப்ரெட் நடந்துபோய்க் கணவரின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவர் காதில் வாயை வைத்தாள். அந்தக் கரகரத்த தாழ்ந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"யோவ் மலாக்கி. நடிச்சது போதும். உனக்குக் கேக்கலைன்னு இவங்க எல்லாருக்கும் தெரியும். உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இங்க கேளு. நீ அன்னைக்குக் கதவைத் தட்டினியா?"

மலாக்கி திகைத்தார். "பனி கொட்டுச்சு. உள்ள விடுவாங்களான்னு தட்டினேன். யாரும் திறக்கல."

"அந்தத் தட்டல் இதுல இருக்கு. அவ பாட்டை நிறுத்திட்டுச் சிரிச்சா. சிரிச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா? 'அது மலாக்கிதான். பாவம், குளிர்ல நிக்கிறான், உள்ள விடுங்க'ன்னு சொன்னா. உன் பேரைச் சொன்னா. அவளுக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கு."

அவர் கக்கத்திலிருந்த தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே யாரோ கதவைத் தட்டி, "வெள்ளைக் குதிரை! வெள்ளைக் குதிரைய்யா! உறைஞ்சு போறோம்!" என்று கத்தினார்கள். உள்ளே ஒருவரும் நகரவில்லை.

"அப்புறம்?" என்றார் மலாக்கி.

"அப்புறம் என்ன? மறுபடி பாட ஆரம்பிச்சா."

"எப்படிப் பாடினா?"

வினிஃப்ரெட் சுற்றிலும் பார்த்தாள். கழுத்து சிவந்துவிட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவர் காதோடு ஒட்டி, அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடினாள். சுருதி எங்கோ போயிற்று. குரல் சரளைக்கல்லில் வண்டி ஏறியது போல இழுத்தது. அவள் பிறந்த கரையில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான். ஒரு வரி இரண்டு வரியாயிற்று. மலாக்கியின் புருவங்கள் மெல்ல உயர்ந்தன. தலை அவரறியாமல் ஆடியது, இந்த முறை தாளத்துக்குச் சரியாக.

வரி முடிந்ததும் அவள் நிறுத்தினாள். மலாக்கி ஒரு விரலை உயர்த்தினார்.

"இன்னொரு தடவை."

லோர்கன் கிராமபோனின் சாவியில் கை வைத்தான். ஸ்ட்ரவுட்கூடத் தடுக்கவில்லை.

கிழவர் தலையை ஆட்டினார். "அதை இல்லடா," என்று சொல்லி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவளை."